அழாத பிள்ளைக்கும் பால்

(பிரேசர் டவுனில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழின் இனிமையையும் இசையின் பெருமையையும் எடுத்துரைக்க இம்மேடையில் வல்லார் பலர் உளர். யாமோ இரயில்வே அலுவலகத்தில் கோப்பும் பேரேடுமாய்க் காலங்கழிக்கும் எழுத்தர்; கல்வியும் பள்ளி இறுதி வகுப்பளவே. ஆயினும் சங்கத்தார் எம்மைப் பேசுமாறு பணித்தபோது, நம் காலனியின் இல்லங்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றையே பேசுதல் வேண்டும் எனத் துணிந்தோம். மாதம் நிரம்பாமற் பிறந்து மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தைக்கு, அதன் தாய் தன் பாலைப் பீய்ச்சியெடுத்துக் கொடுப்பது எங்ஙனம்? அப்பால் வற்றாமற் பெருகச் செய்வது எங்ஙனம்? இதுவே யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இஃது ஆடவர் பேசத்தக்கதோ எனச் சிலர் ஐயுறலாம். தாய்க்கு உணவு சுமந்து செல்பவர் யார்? பால் நிறைந்த சிறு குப்பியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மருத்துவமனைக்கு ஓடுபவர் யார்? ‘பால் போதவில்லை, மாவுப்பால் டப்பா வாங்கு’ என்று தீர்ப்புக் கூறுபவர் பெரும்பாலும் யார்? வீட்டு ஆடவரும் மூத்தோரும் அன்றோ? தீர்ப்புக் கூறுவோர் அறியாதிருக்க, பால் கொடுப்பவள் மட்டும் அறிந்து பயன் என்ன?

நாம் வாழும் இவ்வூரே உடல்நலத்தை முன்னிட்டுப் பிறந்த ஊர். 1898-ஆம் ஆண்டில் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோயினால், நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தோர் பட்ட பாட்டைக் கண்ட பின்னரே, தண்டுப் பகுதியின் ஆட்சியாளர் காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற தெருக்களோடு பிரேசர் டவுனை அமைத்தனர். நோய் வந்தபின் வருந்துவதினும் முன்னறிந்து காப்பதே அறிவு என்பதற்கு நம் தெருக்களே சான்று.

கருவுற்று 37 வாரம் நிரம்புமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020-ஆம் ஆண்டில் உலகிற் பிறந்த குழந்தைகளுள் பத்தில் ஒன்று இவ்வாறு பிறந்தது. இந்தியாவில் மட்டும் அவ்வாண்டு ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்திற் பிறந்தன எனக் கணித்துள்ளனர். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியன்று.

இக்குழந்தைகளின் குடல் முதிராதது. குடற்சுவர் வெந்து அழியும் கொடிய நோய் ஒன்று இவர்களைத் தாக்குவதுண்டு. மாவுப்பால் பெறும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடம் இந்நோய் குறைவாகவே காணப்படுகிறது என்பது மருத்துவர் கண்ட உண்மை. நிறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் உணவென்றால், இக்குழந்தைக்கு அஃது உணவும் மருந்தும் ஆகும்.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் முன்னோர் மொழி. இதனுள் உடலியல் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. குழந்தை அழுது, மார்பிலே வாய்வைத்து உறிஞ்சுந்தோறும் தாயின் மூளைக்குச் செய்தி செல்கிறது. உடனே புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் இரத்தத்திற் கலந்து பாலை ஊறச் செய்கிறது. ஆக்சிடோசின் என்னும் மற்றொன்று ஊறிய பாலை வெளியே தள்ளுகிறது. பால் வெளியேறாது தேங்கினாலோ, ‘இனி வேண்டா’ எனப் பொருள்கொண்டு மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. இறைத்த கிணறு ஊறும் என்பது இங்கும் பொருந்தும்.

ஆனால் 30 வாரத்திற் பிறந்த குழந்தைக்கு உரக்க அழவும் வலிமை இல்லை. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் 34 வாரம் அளவிலேதான் கைகூடும். அதுவரை மெல்லிய குழாய் ஒன்றின் வழியே இரைப்பைக்குப் பால் புகட்டுவர். அழாத பிள்ளைக்காகப் பாலைக் கேட்பவர் யார்? தாயின் கையே அக்குழந்தையின் வாயாகி, அதன் சார்பிற் கேட்டல் வேண்டும். தாயின் கை ஓயாதிருக்க வீட்டார் துணை நிற்றல் வேண்டும். யாம் கூற வந்தது இஃதொன்றே. மற்றவை இதன் விரிவு.

முதலாவது, விரைந்து தொடங்குதல். தாயின் உடல்நிலை இடங்கொடுத்தால் பிள்ளை பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தொடங்கலாம். சிசேரியன் நேர்ந்திருப்பினும் 6 மணி நேரத்தைக் கடவாதிருத்தல் நன்று. முதலில் வருவது சீம்பால். மஞ்சள் நிறமாய், கெட்டியாய், சில சொட்டுகளே வரும். ‘இவ்வளவுதானா?’ என எவரும் முகஞ்சுளித்தல் ஆகாது. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்த அச்சொட்டுகளைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்திலே செவிலியர் தடவுவர். இந்நாட்களில் கையாற் பீய்ச்சுதலே சிறந்தது. கருவியின் குழாயில் ஒட்டியே அச்சொட்டுகள் வீணாகிவிடும். சேனை வைத்தல் என்று தேனையோ சர்க்கரை நீரையோ குழந்தையின் நாவில் தடவும் வழக்கத்தை இங்கு அறவே விலக்குதல் வேண்டும்.

இரண்டாவது, அடிக்கடி எடுத்தல். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை எடுத்தல் வேண்டும். இடைவெளி 5 மணி நேரத்தை மீறலாகாது. இரவில் ஒரு முறையேனும் எழுந்து எடுத்தல் இன்றியமையாதது. புரோலாக்டின் இரவிலேதான் மிகுந்து சுரக்கிறது. இரயில்வேயில் இரவுப் பணி உண்டென்பதை நாம் நன்கறிவோம். பால் ஊறுதலும் அத்தகைய பணியே. ஆயின் அப்பணியைத் தாய் தனியளாய்ச் செய்தல் கூடாது. அவளை எழுப்பவும், வெந்நீர் தரவும், குப்பிகளைக் கழுவிக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்யவும் வீட்டில் ஒருவர் முறைவைத்து விழித்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, எடுக்கும் முறை. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, வெதுவெதுப்பான துணியால் மார்பில் ஒற்றடமிட்டு, விரல்களால் மெல்ல நீவுதல் வேண்டும். பின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதிரெதிராய், காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் விளிம்பில் அமைய, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விடுதல் வேண்டும். தோலைத் தேய்த்தலும் காம்பை இழுத்தலும் ஆகா. விரல்களை வட்டமாய் இடம் மாற்றி எல்லாப் பக்கமும் எடுத்தல் வேண்டும். சீம்பால் மாறிப் பால் பெருகத் தொடங்கியபின், மின்சாரக் கருவியால் இருபுறமும் ஒருசேர 15 முதல் 20 நிமிடம் எடுத்து, எஞ்சியதைக் கையால் எடுத்து முடித்தல் நலம். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கருவியோடு கையையும் சேர்த்து ஆளக் கற்ற குறைமாதத் தாய்மார்க்குப் பாலின் அளவு சராசரியாக 48 விழுக்காடு கூடியதாகக் கண்டனர். கருவி வாங்க இயலாதோர் மனந்தளர வேண்டுவதில்லை. கை எல்லோர்க்கும் உண்டு.

நான்காவது, கணக்கு வைத்தல். ஒவ்வொரு முறையும் நேரத்தையும் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஆனால் ஒரு வேளையில் வந்த அளவைக் கண்டு நல்லது தீயது சொல்லற்க. 24 மணி நேரத்து மொத்தத்தையே நோக்குக. ஒரு பயணியர் வண்டி காலியாய் ஓடியது கண்டு நிலையத்தின் நாள் வருவாயை நாம் தீர்மானிப்பதில்லை அன்றோ? இரண்டு வார முடிவில் நாளொன்றுக்கு 500 முதல் 750 மில்லி வரை எட்டுதல் நல்ல இலக்கு என்பர். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முழுப்பால் கொடுக்கத் தொடங்கும்போதும் நாளைக்கு 150 முதல் 180 மில்லியே வேண்டும். பின் இத்தனை எதற்கு? முதல் இரண்டு வாரத்தில் ஊற்று எவ்வளவு திறக்கின்றதோ, அதனைப் பொறுத்தே பிற்காலத்துச் சுரப்பு அமையும். பிள்ளை வளர்ந்து வீடு வருங்கால் வேண்டுவதை இன்றே கேட்டு வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளையின் அண்மை. தாயின் வெற்று மார்பிலே குழந்தையைச் சேர்த்துக் கிடத்தும் ‘கங்காரு’ முறை, 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரிலே, கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஒரு மருத்துவமனையில் தோன்றியது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதனைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறதென்று, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. உடலோடு உடல் சேருங்கால் பால் சுரப்பும் தூண்டப்படும். மருத்துவர் இசைந்தால், தந்தையும் தன் மார்பிற் பிள்ளையை ஏந்தலாம். அண்மை வாய்க்காத வேளையில், பிள்ளையின் படத்தையோ, அதனைப் போர்த்திய துணியையோ அருகில் வைத்துக்கொண்டு பால் எடுத்தலும் உதவும்.

இனி உணவு. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி, பால்சுறாப் புட்டு எனப் பிள்ளை பெற்றவளுக்கு நாம் ஆக்கிப்படைப்பன பல. நம் கன்னட அண்டை வீட்டார் சப்பசிகெக் கீரையைச் சமைத்துத் தருவர். இவை உடம்புக்கு நல்லனவே, அன்போடு தருக. ஆயினும் இறைக்காத கிணற்றின் கரையில் எவ்வளவு பூசை செய்யினும் நீர் ஊறாது. எட்டு முறை எடுத்தலே பால் பெருக்கும் மருந்து, மற்றவை துணை. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது தவறு, தாகத்துக்கேற்பக் குடிக்கட்டும். பால் பெருக்கும் மாத்திரைகளுள் சில நெஞ்சின் துடிப்பைப் பாதிக்கக் கூடியன. ஆதலால் மருத்துவர் எழுதிக் கொடாமல் கடையில் கேட்டு வாங்குதல் கூடாது.

நம் உறவிலே ஒரு பெண்ணுக்கு 31 வாரத்திற் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் ஒரு வேளைக்கு வந்தது ஒரு தேக்கரண்டிப் பாலே. பார்க்க வந்தவர்களுள் ஒருவர், ‘இவள் உடம்பில் பால் இல்லை, வீணே வதைக்காதீர்கள்’ என்றார். அப்பெண் அன்று நாள் முழுதும் கருவியைத் தொடவில்லை. மறுநாட் காலை அவள் மாமியார் வாயிலிலே நாற்காலி போட்டு அமர்ந்தார். வருவோரையெல்லாம் காப்பி கொடுத்து அங்கிருந்தபடியே அனுப்பிவைத்தார். உள்ளே மருமகள் மூன்று மணிக்கொரு முறை பால் எடுத்தாள். ஐந்து வாரம் அக்குழந்தை மருத்துவமனையில் இருந்தது. வீடு வந்தபோது தாயின் மார்பிலேயே குடித்தது. அச்சமும் அவமானமும் ஆக்சிடோசினைத் தடுத்துப் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும் என்று செவிலியர் பின்னர் எமக்கு விளக்கினர். அம்மூதாட்டி அவ்விளக்கம் கேளாமலே அதனைச் செய்தார்.

இத்தனை செய்தும் சிலர்க்குப் பால் குறைவதுண்டு. நச்சுக்கொடியின் துணுக்கு உள்ளே தங்குதல், பேற்றின்போது மிகுந்த குருதிப்போக்கு, தைராய்டுக் குறை முதலியன காரணமாகலாம். மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். மார்பில் சிவந்த கட்டியோடு காய்ச்சல் கண்டாலும் நாள் கடத்தலாகாது. குறைவாகப் பால் வரும் தாய் குற்றவாளியல்லள். அவள் தரும் ஒவ்வொரு சொட்டும் குழந்தைக்கு ஆதாயமே.

அத்தகையோர்க்கு உதவவே தாய்ப்பால் வங்கிகள் உள்ளன. மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையாரின் முயற்சியால், மும்பை சயான் மருத்துவமனையில் 1989 நவம்பர் 27-இல் தொடங்கியதே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. நம் நகரின் வாணி விலாஸ் மருத்துவமனையிலும் 2022-இல் ஒரு வங்கி திறக்கப்பெற்றது. தம் பிள்ளை குடித்தது போக மிகுந்த பாலை ஈயும் தாய்மாரின் குருதியைச் சோதித்து, பாலை 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் காய்ச்சி, கிருமி இல்லையென ஆய்ந்து, உறையவைத்துக் காக்கின்றனர். முற்காலத்தில் அண்டை வீட்டுத் தாய் பாலூட்டிய வழக்கம் உண்டு. குறைமாதக் குழந்தைக்குச் சோதியாத பாலைக் கொடுத்தல் தீது. வங்கிப் பாலும் ஓர் இடைப்பாலமே. பெற்ற தாயின் பாலே முதலிடம் பெறுவது.

வீட்டில் எடுத்த பாலைத் தூய குப்பியிலிட்டு, தாயின் பெயர், நாள், நேரம் எழுதி ஒட்டுக. அறையில் 4 மணி நேரமும், குளிர்பெட்டியின் உட்புறத்தில் 24 மணி நேரமும் வைக்கலாம் என்பது பொதுவிதி. ஆயினும் அந்தந்த மருத்துவமனை கூறுவதே முடிவு. கதவுத் தட்டில் வைத்தல் ஆகாது. கொண்டு செல்லும்போது பனிக்கட்டிப் பெட்டி வேண்டும்.

இரயில்வே நண்பர்களுக்கு ஒரு சொல். இரண்டு குழந்தைக்கு உட்பட்ட மத்திய அரசு ஆண் ஊழியர்க்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. பிள்ளை பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். பெயர் சூட்டு விழாவுக்கென அதனைச் சேமித்து வையாமல், பிள்ளை மருத்துவமனையில் இருக்கும் நாளிலே எடுத்து, குப்பி சுமக்கவும் இரவில் விழிக்கவும் பயன்படுத்துக.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம் காலனியில் ஓர் இல்லத்துக் குழந்தை குறைமாதத்திற் பிறந்ததெனச் செய்தி வந்தால், பார்க்கப் போவோர் பழத்தட்டோடு கேள்விகளையும் சுமந்து செல்லாதிருப்போமாக. ஒரு வேளைச் சோறு, மருத்துவமனைக்கு ஒரு வண்டி, இரவில் ஒரு துணை ஆகிய இம்மூன்றையும் முறைவைத்து அளிப்போமாக. சங்கத்தின் நிதியில் ஒரு பனிக்கட்டிப் பெட்டியும் ஒரு மின்சாரக் கருவியும் வாங்கி வைத்தால், வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். பாலைத் தொடும் குப்பியும் குழாயும் மட்டும் ஒவ்வொரு தாய்க்கும் புதியனவாய் இருத்தல் வேண்டும். அதற்கென எம் பங்கை இம்மாதச் சம்பளத்திலிருந்தே செயலாளரிடம் செலுத்துகிறோம்.