பெட்டியின் மேல் எழுத்து



அருமனையார்க்கு இரயில் என்றால் குழித்துறைதான். அங்கும் 1979இல்தான் இரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, லிவர்ப்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் சிறுவர்க்கெனத் தகரத்தில் இரயில் செய்து விற்றார். 1923ஐ ஒட்டி அவற்றின் சரக்குப் பெட்டிகள் சிலவற்றில் வணிகப் பெயர்கள் ஏறின: கோல்மன் கடுகுத்தூள், செக்கோட்டின் பசை, பின்னர் ஜேக்கப், கிராஃபோர்டு பிஸ்கட்டுகள். விளம்பரத்தையும் விலை கொடுத்தே வீட்டுக்குள் கொண்டுவந்தனர் பெற்றோர். வணிகரின் சாமர்த்தியம் அப்படி!

கடுகுப்பெட்டி சிறிது காலமே விற்பனையில் இருந்தது. ஆதலின் சேகரிப்போர் இன்றும் அதனைத் தேடி அலைகின்றனர். அவர்கள் விலை தருவது தகரத்துக்கன்று, எழுத்துக்கு. எழுத்தோ தாளிலிருந்து பெயர்த்து ஒட்டப்பெற்றது. பிள்ளைகளின் விரல் பட்டுப்பட்டு உதிர்வது. உதிர்ந்த இடத்தில் புதிய எழுத்தை ஒட்டினால் பெட்டி பொலிவு பெறும், மதிப்போ குன்றும். ஒட்டியதை மறைத்து விற்பது ஏமாற்றே.

ஏடு பயின்றோர்க்கு இது புதிதன்று. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. இரண்டு பாடல்களை யாத்து நிரப்புவது அவருக்கு அரிய செயலா? அவர் நிரப்பவில்லை. இன்றும் 266ஐ அடுத்து 269ஐத்தான் படிக்கிறோம்.

பத்தாண்டுகளுக்கு முன் மன்றத்தில் படித்த கவிதைகளை மலருக்கெனத் திருத்த விழையும் கவிஞர்கள், திருத்திய ஆண்டையும் அடியில் குறிப்பார்களா?