சங்கு ஊதாத வேலை



இன்று நான் செல்போனைப் பற்றிப் பேசப் போகிறேன். அதைத் திட்டுவதற்காகப் பேசவில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லவே பேசுகிறேன்.

நம் வாசிப்பு மையத்துக்கு ஓர் அம்மா வருகிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். "எனக்கு ஒரே ஆசைதான் டீச்சரம்மா. ஜெபப் புத்தகத்தை நானே படிக்கணும்" என்று சொல்லித்தான் சேர்ந்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பல மாதம் படித்தார். ஒரு நாள் மாலை, ஒரு வரி முழுவதையும் நிறுத்தாமல் படித்துவிட்டார். முகம் மலர என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடினார். மறுநாள் வரவில்லை. இரண்டு வாரம் வரவில்லை.

நான் வீடு தேடிப் போனேன். மகன் வாங்கித் தந்த செல்போன் ஜன்னலில் இருந்தது. அதில் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "இதுவே சொல்லுதே, நான் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனா ஒண்ணு கண்ணு. ஜெபம் ஓடுது. நான் ஜெபம் பண்ணலை."

அந்தச் சொல்லை நினைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

நம் ஊருக்கு இயந்திரம் புதிதல்ல. 1902-இலேயே இங்கே மின்சாரம் வந்துவிட்டது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். பல பெரிய நகரங்களுக்கு மின்சாரம் வராத காலம் அது. நம் தாத்தாக்கள் இயந்திரத்தோடு வாழ்ந்தவர்கள்.

ஆனால் அந்த வேலைக்கு ஒரு சங்கு இருந்தது. சங்கு ஊதினால் உள்ளே போவார்கள். ஷிப்டு முடிந்தால் மேலே வருவார்கள். உடம்பு களைத்திருக்கும். ஆனாலும் மிச்ச நேரம் அவர்களுடையது.

அந்த மிச்ச நேரத்தில் என்ன செய்தார்கள்? அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். நம் சுரங்கத் தொழிலாளர்கள் அதை ஆதரித்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். 1914-இல் அவர் மறைந்தார். அதன் பிறகு அவருடைய எழுத்துகளை இந்தத் தங்கவயலில் இருந்தே சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்து அறத்தைப் பற்றிப் பேசினார்கள்.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. சங்கும் நின்றது. இப்போது நம் பிள்ளைகள் விடியுமுன்பே எழுந்து, ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு திரும்பி வருகிறார்கள். போகும்போதும் செல்போன். வரும்போதும் செல்போன். படுக்கையிலும் செல்போன். இந்த வேலைக்குச் சங்கே கிடையாது. ஷிப்டு முடிவதே இல்லை.

ஏன் முடிவதில்லை? புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு 'வணக்கம்' உண்டு. செல்போனில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இந்த முறையை 2006-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் அசா ராஸ்கின். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். நாம் பார்க்கப் பார்க்க விளம்பரம் வரும். விளம்பரத்தால் கம்பெனிக்குப் பணம் வரும். நாம் இலவசம் என்று நினைக்கிறோம். விலையாகக் கொடுப்பது நம் கவனத்தை.

அந்தக் கவனம்தான் பக்திக்கும் வேண்டும். ஜெபமாலை உருட்டினாலும், தொழுகைக்கு நின்றாலும், விளக்கின் முன் கை கூப்பினாலும், கண்மூடித் தியானம் செய்தாலும் மனம் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. நல்லதுதான். ஆனால் போனை வாசலில் வைத்துவிட்டு, மனதை அதன் மேலேயே வைத்திருந்தால் என்ன பயன்?

செல்போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூரத்து மகனின் முகத்தை அதில்தான் பார்க்கிறோம். நடக்க முடியாத பாட்டி, பூசையை அதில்தான் கேட்கிறார். அதற்கு ஒரு சங்கு வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

மகாராஷ்டிராவில் சாங்கலி மாவட்டத்தில் வட்காவ் என்று ஒரு கிராமம். அங்கே 2022-இல் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலில் சங்கு ஊதும். உடனே டிவியையும் செல்போனையும் அணைத்துவிட வேண்டும். 8.30-க்கு மறுபடி ஊதும். அந்த ஒன்றரை மணி நேரம் படிப்புக்கும் பேச்சுக்கும். நம் கர்நாடகத்திலேயே பெலகாவி மாவட்டத்து ஹலகா கிராமமும் இதுபோல் தொடங்கியது.

ஊரெல்லாம் சங்கு ஊத நம்மால் முடியாமல் போகலாம். நம் மையத்தில் முடியும். வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். 7 மணிக்கு முதலில் என் போன் அதற்குள் போகும். 8 மணிக்குத்தான் வெளியே வரும்.

அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, இப்பக் கேளு" என்று சொல்லிவிட்டு, அதே வரியை மறுபடி படித்தார். இந்த முறை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அவர் ஒரு பக்கம் முழுவதும் படிக்கப் போகிறார். மணி ஏழாகிறது. டப்பா வாசலில் இருக்கிறது. வாருங்கள், எல்லோரும் உட்கார்ந்து கேட்போம்.