கட்டமும் மதிலும்

ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள், 23 புள்ளிகள். புலி ஒரு புள்ளியில் நிற்கும்; அல்லது மறு புள்ளிக்குச் செல்லும். நடுவே கோட்டின்மீது நிற்றல் என்பது அவ்வாட்டத்தில் இல்லை. ஆகவே வழி அடைபட்டதா, இல்லையா என்னும் ஐயம் எவருக்கும் எழுவதில்லை. கணினி விளையாட்டிலோ அந்த ஐயமே பெருந்தொல்லை.

மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவை எடுத்துக்கொள்க. குன்றின் மேற்கே, 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த நீர்ப்பூங்கா இருபுறமும் ஒத்த பகுதிகளாக வகுக்கப்பெற்றது. அதனை விளையாட்டாக்க முனையும் மாணவன் பாதைக்கு 0, மதிலுக்கு 1, நீருக்கு 2 என வரிசை வரிசையாக எண்களை எழுதி வைக்கிறான். ஒவ்வோர் எண்ணும் திரையில் 16 ஒளிப்புள்ளி அகலமுள்ள ஒரு கட்டம்.

அவனுடைய வீரனின் இடது விளிம்பு 74ஆம் ஒளிப்புள்ளியில் நிற்கிறது. 74ஐ 16ஆல் வகுக்க ஈவு 4, மீதியைத் தள்ளிவிடலாம். கட்டங்களை 0 முதல் எண்ணினால் அது 4ஆம் கட்டம், பாதையே. போகலாம் என்று மாணவன் துணிகிறான். ஆனால் வீரனின் உடல் 12 ஒளிப்புள்ளி அகலமுடையது. வலது விளிம்பு 85இல் விழுகிறது. அது 5ஆம் கட்டம், மதில்! பாதி உடல் கல்லுக்குள் புகுந்துவிட்டது. கணினி பழுதென்று பழி கூறுதல் எளிது. வகுத்தல் கணக்கு எதற்கு என்று வினவும் பிள்ளைகளுக்கு இதனினும் நல்ல விடை கிடைப்பது அரிது.

நகர்ந்தபின் பார்ப்பது முறையன்று. செல்லவிருக்கும் இடத்தை முன்னரே கணக்கிட்டு, உடலின் நான்கு மூலைகளையும் சோதித்து, தடையில்லையேல் நகர்த்தல் வேண்டும். 74உம் 12உம் சேர்ந்தால் 86 ஆயினும் கடைசி ஒளிப்புள்ளி 85தான். அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால், மதிலருகே சும்மா நிற்பவனும் மோதியவனாகிவிடுவான். சாய்வாக நடக்கும்போது கிழக்கு மேற்கு நகர்வையும் வடக்கு தெற்கு நகர்வையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இன்றேல் மதிலோரமாக வழுக்கிச் செல்ல வேண்டியவன் அங்கேயே ஒட்டிக்கொள்வான்.

தேர்ந்தவர்களும் இதில் இடறியதுண்டு. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவதானி உருவாக்கிய பாக்மேன் விளையாட்டில் கட்டத்தின் அகலம் 8 ஒளிப்புள்ளி. நாயகனும் ஆவியும் ஒரே கட்டத்தில் இருந்தால்தான் மோதல் என்பது அதன் விதி. எதிரெதிரே வரும் இருவரும் ஒரே கணத்தில் கட்டம் மாறிக்கொண்டால், எந்தக் கணத்திலும் அவர்கள் ஒரே கட்டத்தில் இருந்ததில்லை. ஆவி நாயகனை ஊடுருவிப் போய்விடும். நாணயம் இட்டு ஆடியவர், உயிர் தப்பியது எங்ஙனமென்று அறியாமலே ஆட்டத்தைத் தொடர்ந்திருப்பார்.