மேல்முறையீடும் ஒப்புதல் வாக்குமூலமும்



போதைப்பொருளை வசம் வைத்திருந்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவன் மேல்முறையீட்டில் விடுதலையானான் என்று பத்திரிகையில் படிக்கும்போது, சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து தப்பிவிட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை, சென்னையில் தோன்றி டில்லிவரை சென்ற ஒரு வழக்கை முன்னிட்டு இன்று ஆலோசிக்க விரும்புகிறேன்.

சட்டத்தின் கடுமையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-ஆம் ஆண்டு நவம்பரில் அமலுக்கு வந்து, பிற்காலத்தில் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டம், ஹெராயின் 250 கிராமுக்கு மேல், அல்லது கஞ்சா 20 கிலோவுக்கு மேல் அகப்பட்டால், அதை வணிக அளவென்று கொண்டு, குறைந்தபட்சம் 10 ஆண்டுக் கடுங்காவலும் 1 லட்ச ரூபாய் அபராதமும் விதிக்கச் சொல்லுகிறது. பொருள் எதிரியின் வசம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், குற்ற மனமும் அவனுக்கு இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லையென்று காட்டும் பாரம் அவன் தலையில் விழும். பாரம் இவ்வாறு இடம் மாறுகிற சட்டத்தில், சாட்சியம் எந்த வழியாக வந்தது என்று துருவிக் கேட்பதை வெறும் சம்பிரதாயமென்று ஒதுக்கிவிட முடியுமா?

2004-ஆம் ஆண்டு, 5 கிலோவுக்கு மேற்பட்ட ஹெராயின் சம்பந்தமாக மத்திய போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் சென்னையில் சிலரைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சுப்ரீம் கோர்ட்டில் அவர் தரப்பு வழக்கறிஞர் எழுப்பிய பிரதான ஆட்சேபம், தண்டனைக்கு ஆதாரமாக நின்றது சட்டத்தின் 67-ஆம் பிரிவின்கீழ் அந்த அதிகாரிகளிடமே கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம்தான் என்பது.

போலீஸாரிடம் செய்த ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்கலாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு விதித்திருந்தது. லாக்கப்பில் ஒப்புதல்கள் எவ்விதம் பிறக்கின்றன என்பதை அறியாதவர்களா அந்நாளைய வெள்ளைக்கார ஆட்சியாளர்கள்! ஆயினும், போதைப்பொருள் வழக்குகளைப் புலனாய்வு செய்யும் மத்திய அதிகாரிகள் 'போலீஸ்' ஆகமாட்டார்கள் என்று 1990-இலும் 2008-இலும் வந்த தீர்ப்புகள் கூறியிருந்தமையால், போலீஸ் நிலையத்தில் சொன்னால் செல்லாத அதே வார்த்தைகள், வேறொரு அலுவலகத்து மேஜையின்முன் சொல்லப்பட்டபோது பத்து ஆண்டுச் சிறைக்குப் போதுமானவையாகிவிட்டன.

2013-ஆம் ஆண்டு, இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டு, மேல்முறையீட்டாளரின் எஞ்சிய தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் அளித்தது. அதற்குள் அவர் ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டிருந்தார். விடை வந்ததோ 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி. புலனாய்வு அதிகாரம் பெற்ற அந்த அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே, அவர்கள் பதிவு செய்யும் வாக்குமூலத்தை விசாரணையில் ஒப்புதலாகப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிபதிகள் ரோஹின்டன் நாரிமனும் நவீன் சின்ஹாவும் முடிவு செய்தார்கள். நீதிபதி இந்திரா பானர்ஜி அதற்கு மாறுபட்டார்.

மாறுபட்ட அந்தக் கருத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. போதை வியாபாரத்தின் தலைவர்கள் சரக்கைத் தம் கையால் தொடுவதில்லை. பிடிபடுகிறவனுடைய வாய்மொழியைத் தள்ளிவிட்டால் வலையின் மறுமுனையை எட்டுவது சிரமந்தான். ஆனால் புலனாய்வுக்கு வழிகாட்ட உதவும் வாய்மொழி வேறு, அதையே முடிவான சாட்சியமாக்கி ஒரு மனிதனின் ஆயுளில் பத்தாண்டுகளைக் கழித்துவிடுவது வேறு. ஆகையால் பெரும்பான்மைத் தீர்ப்பே சரியானதென்று நான் கருதுகிறேன். அது கைதுக்கு 16 ஆண்டுகள் கழித்து வந்தது என்பதுதான் என் குறை.

கடைசியாக ஒரு வார்த்தை. சிறப்பு நீதிமன்றத்தின் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. சிறையிலிருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மனுவை அனுப்பலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச உதவி கிடைக்கும். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் எதற்கேனும் இந்த நிலை நேர்ந்திருந்தால், இவ்விவரத்தை இன்றே அவர்களிடம் சொல்லுங்கள்.