இரு முறைமைகளும் ஒரு கோப்புறையும்



எங்கள் பாடசாலை அலுவலகத்தின் மூலையிலே பழைய கணினி ஒன்று உண்டு. அது லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்குவது. மாணவரின் புள்ளிப் பட்டியல்களும் நிழற்படங்களும் அதிலேதான் சேமிக்கப்படுகின்றன. ஆசிரியர்களோ விண்டோஸ் முறைமையுள்ள கணினிகளிலிருந்து வலையமைப்பின் வழியாக அவற்றை எடுத்தாளுகின்றனர். சென்ற தவணையில், ஒரு சிறு பட்டியலைச் சேமிப்பதற்கே வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது. “சேர், இது கிழடாகிவிட்டது; புதியது வாங்குவோம்” என்றார் ஓர் ஆசிரியர். அபிவிருத்திச் சங்கத்தின் பணத்திற் பெரும்பகுதியை அதற்கு ஒதுக்கும் தீர்மானமும் எழுதப்பட்டுவிட்டது. கையொப்பமிடுமுன் ஒருநாள் அவகாசம் கேட்டேன்.

அன்று மாலை கணினிப் பாட ஆசிரியையும் நானும் ஒரு சோதனை செய்தோம். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினோம், விரைவாகவே சென்றது. கம்பியோ வன்தட்டோ பழுதாயிருப்பின் அதுவுமன்றோ தவித்திருக்கும்? அடுத்து, சிறு கோப்புகள் சில ஆயிரத்தை வெறுங்கோப்புறை ஒன்றில் இட்டோம். தொடக்கத்தில் ஓடியவை, கோப்புறை நிரம்ப நிரம்பத் தளர்ந்தன. பழுது இயந்திரத்தில் இல்லை, கோப்புறையின் பருமனில் உள்ளது என்பது அப்போதுதான் புலனாயிற்று.

காரணத்தைக் கேளுங்கள். விண்டோஸ் கோப்புகளைக் கேட்கும் மொழி எஸ்.எம்.பீ. எனப்படும். அதை லினக்ஸ் கணினிக்கு விளங்கவைப்பது சாம்பா என்னும் மென்பொருள். 1991ஆம் ஆண்டின் இறுதியில், அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரிலே ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிஜெல் அதைத் தொடங்கினார். அம்மூன்று எழுத்துகளும் அமைந்த சொல்லைத் தேடியே அவர் அப்பெயரைச் சூட்டினார். நமது சம்பா அரிசிக்கும் அதற்கும் உறவில்லை!

ஆங்கிலத்திலே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டு. விண்டோஸுக்கு அவ்விரண்டும் ஒன்றே, லினக்ஸுக்கோ வெவ்வேறு. ஆதலால் விண்டோஸ் ஒரு புதிய கோப்பைச் சேமிக்க முற்படும்போது, அதே பெயர் வேறு எழுத்துவகையில் ஏற்கெனவே இருக்கின்றதா என்று சாம்பா தேட வேண்டியிருக்கின்றது. அப்பெயர் சரியாக அவ்வாறே இருந்தால் உடனே அகப்படும். இல்லாவிடின், கோப்புறையில் 10,000 பெயர்கள் இருந்தால் அத்தனையையும் பார்த்தபின்னரே ‘இல்லை’ என்று சொல்ல இயலும். புதிய கோப்பு ஒவ்வொன்றுக்கும் இதே தேடல்தான். பெரிய எழுத்தே இல்லாத தமிழில் எழுதிப் பழகிய எனக்கு இது எளிதில் தோன்றவில்லை.

பரிகாரம் இரண்டு. நிழற்படங்களை ஆண்டுவாரியாகச் சிறு கோப்புறைகளில் பிரித்து வைப்பது ஒன்று. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றி, எழுத்துவகையைத் தேடாதவாறு சாம்பாவின் அமைப்பை மாற்றுவது மற்றொன்று. பின்னையது கூடிய பலனளிக்கும். ஆனால் முதலிற் பிரதி எடுக்காமல் அதிற் கைவைக்கலாகாது. எழுத்துவகையால் மட்டும் வேறுபட்ட இரு கோப்புகள் இருந்தால், மாற்றும்போது ஒன்று மற்றதை அழித்துவிடக்கூடும்.

நாங்கள் அவ்வாறு பார்த்தபோது, பத்தாம் வகுப்புப் பட்டியல் இரண்டு இருந்தன. ஒன்று பெரிய எழுத்தில் தொடங்கியது, மற்றது சிறிய எழுத்தில். லினக்ஸ் கணினியிலேயே அமர்ந்து எவரோ எழுதிய இரண்டாவதை விண்டோஸிலிருந்து எவராலும் திறக்க முடிந்திருக்கவில்லை. தொலைந்துவிட்டதென்று கருதி, பிள்ளைகளை மறுபடியும் எழுதச் செய்த இரண்டாந் தவணைப் பரீட்சையின் புள்ளிகள் அதற்குள் முழுமையாக இருந்தன.