நீரிறைக்கும் எஞ்சினின் வால்வு இடைவெளி
(கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேராதனை, பாத்ததும்பறை முதலிய பகுதிகளிற் சிறுபோகக் காலத்திலே ஓடைநீரை மேட்டுக்கு ஏற்றிப் போஞ்சியும் கோவாவும் பயிரிடுவோருக்கு நீரிறைக்கும் எஞ்சினே பெருந்துணை. வெயில் கடுமையான வாரத்தில் அது இயங்க மறுப்பின், பூத்து நிற்கும் போஞ்சி பூவை உதிர்த்துவிடும். ஆகவே, அவ்வெஞ்சினின் வால்வு இடைவெளி பற்றிச் சிறிது கூற விரும்புகின்றேன்.

எஞ்சின் சுழலும்பொழுது தப்பெற் உயர்ந்து தள்ளுகோலை உயர்த்துகின்றது. தள்ளுகோல் றொக்கரின் ஒரு முனையைத் தள்ள, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கின்றது. வால்வு மூடியுள்ள வேளையில் றொக்கருக்கும் வால்வுத் தண்டுக்குமிடையே மயிரிழையளவு இடைவெளி இருத்தல் வேண்டும். ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 எஞ்சினில், குளிர்ந்த நிலையில், உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.15 மில்லிமீற்றரும் புகைபோக்கும் வால்வுக்கு 0.20 மில்லிமீற்றரும் உரிய அளவாகும். பின்னது மிகுதியாகச் சூடேறி நீளுவதாலேயே அதற்கு அளவு கூடுதலாகும். பிற எஞ்சின்களுக்கு அவற்றின் கைந்நூலைப் பார்க்க.

இடைவெளி மிகுந்தால் "டக், டக்" என்ற ஓசை கேட்கும்; வலுவும் குறையும். குறைந்தாலோ ஓசையே இராது. ஓசையற்ற எஞ்சின் நல்ல எஞ்சின் என்று பலர் மகிழ்வதுண்டு. ஆனால் சூடேறியதும் வால்வு தன் இருக்கையிற் படியாது. அனற்காற்று அவ்விடுக்கினூடாகப் பாய்ந்து விளிம்பை எரித்துவிடும். பின்னர் எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் எழாது. நாட்பட்ட தேய்வினால் வால்வு இருக்கையுள் அமிழ, இடைவெளி தானே குறைந்து வருமென்பதையும் அறிக.

எஞ்சின் நன்கு ஆறியபின் பிளக்கின் கம்பியைக் கழற்றி, வால்வு மூடியைத் திறவுங்கள். அமுக்க வீச்சின் உச்சியிற் பிஸ்ரனை நிறுத்துக. அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். ஒன்று திறந்திருப்பின் இன்னுமொரு முழுச்சுற்றுச் சுற்றுக. அளவுத் தகடு சிறிது உராய்ந்து செல்லும்படி திருகியைத் திருப்பி, பூட்டு நற்றை இறுக்கி, மீண்டும் அளந்து பார்க்க. இறுக்கும்போது அளவு மாறுவது வழக்கம். கடதாசித் துண்டை அளவுத் தகடாகக் கொள்ளற்க.

சில மோட்டார் வாகனங்களில் எண்ணெய் நிறைந்த தப்பெற் உண்டு. அவற்றில் இடைவெளி நீங்கிய பின்னரும் அரைச்சுற்று முதல் ஒரு சுற்றுவரை இறுக்கி, முன்னழுத்தம் கொடுப்பர். அவ்வழக்கத்தை உங்கள் சிறு எஞ்சினிற் கையாள ஒருவரையும் அனுமதியாதீர்கள். வால்வு ஒருபோதும் மூடாது.

தலைப்பகுதியைச் செதுக்கினாலோ, வால்வு இருக்கையை வெட்டினாலோ தள்ளுகோல் நீண்டுவிட்டதற்கு ஒப்பாகும். அன்றே அளந்து சரிசெய்க. திருகியால் அடங்காவிடின் பொருத்தமான நீளமுள்ள கோலே வேண்டும். கழற்றிய கோல்களைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள், வளைந்தது தள்ளாடும். மாட்டும்போது அடிமுனை தப்பெற்றின் குழியில் அமர்ந்ததா என விரலால் அசைத்து அறிக. மூடியின் காஸ்கற் கிழிந்திருப்பின் புதியதை இடுக. இன்றேல் எண்ணெய் கசியும்.