ஆய்வகத்தில் வெப்பநிலைக் கட்டுப்பாடு

குடிநீரில் மலக்கழிவு கலந்துள்ளதா என அறிய, அதிலுள்ள நுண்ணுயிர்களை வெப்ப நீர்த்தொட்டியில் 44.5 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வளர்க்கும் முறை உண்டு. வெப்பநிலை 0.2 டிகிரிக்கு மேல் பிறழ்தல் கூடாது. வெப்பம் மிகுந்தால் அவை வளராதொழியும். மாசுற்ற நீருக்கும் தூய்மைச் சான்று கிட்டிவிடும். அந்நீரை ஓர் ஊரே பருகும்.

பிழை தெரிந்தவுடன் கட்டுப்பாட்டுக் குமிழைத் திருகுவது முறையன்று. சரிபார்க்கப்பட்ட வேறொரு வெப்பமானியால் தொட்டியின் பல இடங்களிலும் அளத்தல் வேண்டும். அளவு இடத்துக்கிடம் மாறினால், நீர் சரிவரச் சுழலவில்லை எனலாம். வெப்பம் ஏறாவிடில் திறந்த மூடி, மின்னழுத்தம், சூடேற்றியில் படிந்த உப்பு ஆகியவற்றை நோக்க வேண்டும். வரம்பு மீறினால், உணர்கருவி நீரில் மூழ்கியுள்ளதா எனக் காண வேண்டும். இவை யாவும் செம்மையாயிருப்பின் தெர்மோஸ்டாட்டை ஐயுறலாம்.

கருவி சீரடைந்தால் மட்டும் போதாது. பிறழ்ந்த நாட்களில் ஆய்ந்த நீர்நிலைகளிலிருந்து மீண்டும் மாதிரி எடுத்துச் சோதித்தலே ஆய்வகத்தின் கடமை.